மருமகன் கொட்டிய கீரை

என் அக்கா பெற்ற ஒற்றைப் பேரரசனே,

குழந்தை வேண்டுமென்றால் மூன்று மாதம் இருவருமே கீரை, பழம் சாப்பிட வேண்டும், சிகரெட் கூடாது என்றார் டாக்டர். உன் மனைவி ஒருநாளும் தவறவில்லை. நீ திருட்டுத்தனமாகக் கொட்டிய கீரையைத் தின்ற பால்கனிப் பூந்தொட்டியோ காடாகி, மேல்மாடிக் கதவைத் தட்டுகிறது. உன் புகையில் சூரியனே இருமுகிறது.

நேற்று உன் வீட்டில் அக்கா, "குறையெல்லாம் அவகிட்டதான்" என்றபோது வாயைத் தைத்துக்கொண்டு நின்றாயே! அந்தப் பெண் அழுதுகொண்டே டாக்டர் தந்த சத்து மாத்திரையை விழுங்கினாள்.

சும்மா விடுவேனா? காலையில் அந்தத் தொட்டியையும், உன் ஷூவுக்குள் ஒளிந்திருந்த சிகரெட்டையும் அக்கா வீட்டுக்கே தூக்கிப் போனேன்.

"அடப்பாவி, இவனாடா?" என்றாள்.

மாலையில் பெட்டியோடு வருகிறாள். மூன்று மாதமும் உனக்கு அவளே ஊட்டுவாளாம். முதலில் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பாளாம். நீ முந்திக்கொள்ள மாலைவரை நேரமிருக்கிறது.

இப்படிக்கு,
கோள்மூட்டிச் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன்