சீத்திம் மரத்தில் முதல் வெட்டு

லாரியில் போன ஊரிலிருந்தெல்லாம் எனக்கு ஒரு கதை கொண்டுவந்த என் அப்பாவுக்கு,

நீங்கள் நட்ட மரம் சாயத் தொடங்கியிருந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பகான் பக்கம் லோடு இறக்கிவிட்டு வரும்போது ஒரு கன்று கொண்டுவந்து, தன்லியினில் நம் ஆலயத்தின் பின்சுவரை ஒட்டி வைத்தீர்களே, அந்த மரம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த மழையில் ஒரு பக்க வேர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. சுவரிலும் கீறல் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மா தீதா அக்காவின் தகர வீடு. அவருடைய கைக்குழந்தையின் தொட்டில் சாய்ந்த கிளைகளுக்கு நேர் கீழே தொங்கியது.

போன வாரம் புயல் வருகிறதென்று எல்லோருடைய ஃபோனுக்கும் செய்தி வந்தது. மா தீதா அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலய வாசலுக்கே வந்து, மரத்தை வெட்டிவிடுங்கள், எனக்குப் போக வேறு இடம் இல்லை என்று பர்மியத்தில் கெஞ்சினார். பெரியவர்கள் முடியாது என்றார்கள். ஏன் தெரியுமா அப்பா? உங்களால்தான்.

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று முன்பு ஒருமுறை அதை வெட்ட வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “இது சீத்திம் மரம். மோசே உடன்படிக்கைப் பெட்டி செஞ்ச மரம். கை வைக்கிறவன் யோசிச்சு வைக்கட்டும்.” அதற்குப் பிறகு ஒருவரும் அதில் ஒரு இலைகூடப் பறித்ததில்லை. பெரிய வெள்ளிக்கிழமை முள்முடிக்குக்கூடக் கீழே உதிர்ந்த குச்சிகளைத்தான் பொறுக்குவார்கள்.

நான் படித்துப் பார்த்தேன். வேத அகராதியும் மரங்களைப் பற்றிய ஒரு பர்மியப் புத்தகமும் கிடைத்தன. உங்கள் மரத்தைப் பர்மியர்கள் தநவுங் என்கிறார்கள். தமிழில் வெள்வேல். சீத்திமும் ஒரு வேல மரம்தான். ஆனால் இது அல்ல, இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அது சீனாயின் காய்ந்த ஓடைகளிலும் சவக்கடல் பக்கத்திலும் நிற்பது. இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்கும் முன் கடைசியாகக் கூடாரம் போட்ட இடத்துக்கே சித்தீம் என்று பெயர். எரிகோவுக்கு எதிர்க்கரை. அங்கிருந்துதான் யோசுவா வேவுகாரர்களை அனுப்பினான். அந்த வறண்ட நிலத்தில் வேல மரத்தின் வேர் தண்ணீரைத் தேடி வெகு ஆழம் போகுமாம். தன்லியினில் தண்ணீர் காலடியிலேயே கிடக்கிறது. உங்கள் மரம் எதற்காக ஆழம் போகும்?

நம் பசுந்தாங் வீட்டிலிருந்து ஆலயத்துக்கு பஸ்ஸில் போகும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“சபையில நின்னு உங்கப்பா பொய் சொன்னார்னு சொல்லப் போறியா?”

“பொய்னு சொல்லலம்மா. வேற மரம்னுதான் சொல்றேன்.”

“கேக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆற்றுப் பாலத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளியது.

நாங்கள் போனபோது மா தீதா அக்கா கூட்டிவந்த மரவெட்டி கோ அவுங் கயிறும் ரம்பமும் அரிவாளுமாக நின்றிருந்தார். சாமுவேல் மாமா மரத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றார். நம் சபையில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது, உங்களுக்குத் தெரியும்.

“பெட்டியைத் தொட்ட ஊசாவுக்கு என்ன ஆச்சு? அங்கேயே செத்தான். அந்தப் பாவம் நம்ம சபைக்கு வேணாம்” என்றார்.

என் வாய் திறந்துவிட்டது. “மாமா, பெட்டியைத் தொட்டவன்தான் செத்தான். மரத்தை வெட்டினவங்கதான் பெட்டியே செஞ்சாங்க. பலகை, தண்டு, பலிபீடம், எல்லாம் வெட்டின மரம்தானே?”

பின்னாலிருந்து யாரோ, “லாரிக்காரர் மக, பிரேக் இல்லாமப் போகுது” என்றார்கள். சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

“அப்போ இது சீத்திம்தான்னு ஒத்துக்கிறியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் உங்கள் பேர் பிழைத்திருக்கும் அப்பா. “இல்ல மாமா. இது தநவுங். எங்கப்பா சொன்னது சரியில்ல” என்றேன்.

மாமா கையை இறக்கினார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பேச்சைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கோ அவுங் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு பேர் பயப்படும் மரத்தில் நாட், அதாவது காவல் ஆவி, இல்லாமல் இருக்குமா? மரத்துக்குச் சொந்தக்காரர் முதல் வெட்டு வைத்தால்தான் தொடுவேன் என்றார். அதுதான் அவர்கள் தொழில் வழக்கமாம்.

“நட்டவர் செத்துட்டாரே” என்றார் மாமா. காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கிளை தகரத்தில் உரசிக் கிறீச்சிட, சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அலறியது.

நட்டவருக்கு மகள் நான் இருக்கிறேனே என்று கோ அவுங்கிடம் அரிவாளை வாங்கினேன். அம்மா தடுப்பார் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. முதல் வீச்சு பட்டையில் வழுக்கிவிட்டது. இரண்டாவது இறங்கியது. நான் சாகவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் கோ அவுங் ரம்பத்தை எடுத்தார், எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். சாமுவேல் மாமாவும் பிடித்தார். மரம் ஆலயத்தின் பக்கமாக, வெற்றுத் தரையில் விழுந்தது. அன்று மாலையே புயல் வந்தது. நின்றிருந்தால் அந்த வீட்டின்மேல் விழுந்திருக்குமா? தெரியாது. குழந்தை இருக்கிறது. அது தெரியும்.

என் உள்ளங்கையில் ஏறியிருந்த முள்ளை அம்மா ஊக்கால் எடுத்தார். “அவரா இருந்தாலும் வெட்டியிருப்பார்” என்றார். வெட்டியிருப்பீர்களா அப்பா? அன்றைக்கு சீத்திம் என்று சொன்னீர்களே, நம்பித்தான் சொன்னீர்களா, மரத்தைக் காப்பாற்றச் சொன்னீர்களா? சபையில் உங்களைத் தப்பென்று சொன்ன வாய் இன்னும் எனக்குக் கசக்கிறது. ஆனாலும் அந்தப் பதிலை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

ஒரு வாக்குத் தருகிறேன். மழை நின்றதும் அங்கேயே வேறு ஒரு கன்று வைப்பேன். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைப்பேன். அது என்ன மரம் என்று கேட்கிறவர்களுக்கு அதன் சொந்தப் பெயரைச் சொல்வேன். யார் மகள் நட்டது என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன்.

உங்களை எதிர்த்துப் பேசிய, உங்கள் ஒரே மகள்,
ரூத்