நொதிக்கெல்லாம் பயப்படாதவன்

அக்கா,

இந்த வீட்டில் பயமே இல்லாமல் பிறந்தவன் நான் ஒருவன்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைப் படி.

எழுந்ததும் அப்பாவுக்கு மாத்திரை கொடு, அரை மணி கழித்துச் சாப்பாடு. டீயைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்றாதே. கை நடுங்கிக் கொட்டிவிட்டால் அன்று முழுக்க யாருடனும் பேசமாட்டார்.

நேற்று நான் பேசியது அதிகம்தான். பார்கின்சன் வந்த அப்பாவின் இரத்தத்தில் ஒரு நொதி, அதாவது என்சைம், மந்தமாக இருக்கிறது, பிள்ளைகளுக்கும் பார்க்கலாம் என்றார் டாக்டர். நீ உடனே சரி என்றாய். "உன் நொதியும் உன்னை மாதிரி சோம்பேறியாத்தான் இருக்கும், அதுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்றேன். நீ சிரிக்கவில்லை. "குறைஞ்சிருந்தா நோய் வந்தே தீரும்னு இல்லடா. தெரியாம இருக்கறதுதான் பயமா இருக்கு" என்றாய்.

கீழே எழுத்து பொடியாவது தாளில் இடமில்லாததால்தான். அப்பாவுக்கும் முதலில் எழுத்துதான் சிறுத்தது என்று யோசிக்காதே. நான் யோசித்துவிட்டேன். பின்பக்கம் பெரிதாக எழுதிப் பார்த்தேன், வருகிறது.

எனக்குக் காலைச் சாப்பாடு வேண்டாம். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க லேபுக்குப் போகிறேன்.

அப்பா கேட்டால் காலேஜ் என்று சொல்.