சங்கிலியில் என் மணி நேரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வாலிபர் ஐக்கியக் கூட்டம். நல்ல கூட்டம். மூன்று வருடமாக நான்தான் தலைவன். எந்த இடத்தில் கிட்டாரை நிறுத்தி, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் பின்வரிசை அழும் என்று தெரியும். இன்று தாழ்த்தினேன். அழுதார்கள். இடது பக்க ஸ்பீக்கர் ஏன் கரகரக்கிறது என்று அப்போது நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தனியாக உட்கார்ந்து ஜெபித்து எத்தனை நாள் ஆச்சு? ஈஸ்டருக்கு முன்னால் இருக்கும். வருத்தமா என்றால் — இல்லை. அதுதான் விஷயமே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சோழவந்தானில் ஒரு பேங்க்கில் யுபிஎஸ் சர்வீஸ். மீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டியது. லோடு கொடுத்ததும் பேட்டரி படுத்துவிட்டது. "ஃபுல் சார்ஜ்னுதானே தம்பி காட்டுது?" என்று மேனேஜர் திரும்பத் திரும்பக் கேட்டார். காட்டும் சார். லோடு விழாதவரைக்கும் காட்டும்.

சாயங்காலம் வந்து வேதபாடம் எடுத்தேன். தலைப்பு: மகிழ்ச்சி.

ஆகஸ்ட் 7, வியாழன்

பவதாரிணியின் அப்பா மருது, கொட்டாம்பட்டி பக்கம் நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது பைக் மோதிவிட்டது. தலையில் அடி. நினைவில்லை. மதுரையில் ஐசியு. அவள் எங்கள் ஐக்கியத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது; வீட்டில் வேறு யாரும் சர்ச் பக்கம் வந்ததில்லை. போனில் அழவில்லை. "அண்ணே, சங்கிலி ஜெபம் வைப்பீங்கள்ல?" அவ்வளவுதான்.

வைத்திருக்கிறேன். நாளை முழுக்க, ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் இருக்கிற இடத்திலேயே. முடித்தவர் அடுத்தவருக்கு போன் போட்டுக் கைமாற்ற வேண்டும். அடுத்தவர் எடுக்கவில்லை, அல்லது முடியாது என்கிறார் என்றால் முந்தினவரே தொடர வேண்டும். சங்கிலி அறக் கூடாது. விதி நான் போட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு லேப். கரண்டும் இல்லை, யுபிஎஸ்ஸும் எடுக்கவில்லை. ஆளாளுக்குக் கத்துகிறார்கள். மத்தியானம், சங்கிலியில் எனக்கு முந்தின ஆள் பாண்டியராஜன் போன்.

"மாப்ள, என் நேரம் முடிஞ்சுச்சு. எடுத்துக்கிறியா? வேலையா இருந்தா சொல்லு, நானே தொடர்றேன்."

"எடுத்துக்கிட்டேன், வை."

வைத்தான். நான் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து ஆர்த்திகாவைக் கூப்பிட்டு, "முடிச்சிட்டேன், நீ எடு" என்றேன். "ஆமென்ணே" என்றாள்.

நடுவில் ஒன்றுமில்லை. ஒரு வார்த்தைகூட.

ஆகஸ்ட் 9, சனி

மருது நேற்றே கண்ணைத் திறந்துவிட்டாராம். குரூப் முழுக்க ஸ்தோத்திரம். நானும் போட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாட்சி நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து பவதாரிணி நேராக வந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழம மத்தியானம் அப்பா கண்ணு முழிச்சாரு. அது யாரு நேரம்னு பாண்டி அண்ணன்ட்ட கேட்டேன். கிதியோன் அண்ணன் நேரமாம்."

கைதட்டல். ஆயர் என் தோளைத் தட்டினார். அவள் மைக்கை என்னிடம் நீட்டினாள். எல்லாம் அவருக்கே மகிமை என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். பின்வரிசை அழுதது.

வீட்டுக்கு வந்தேன். பசித்தது, சாப்பிட்டேன். இப்போது தூக்கமும் வருகிறது. வரலாமா?

ஆகஸ்ட் 13, புதன்

ஆர்த்திகாவின் அம்மா கனகா ஆன்ட்டி போன். "தம்பி, என் முழங்காலுக்கு ஒரு மணி நேரம் எடுங்க. நீங்களே எடுக்கணும், வேற ஆளு வேணாம்." சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

சரி என்று வேறு சொல்லித் தொலைத்தேன். ஏன்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆயரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, உள்ள ஒண்ணுமே இல்ல. வாய் மட்டும் ஓடுது. என்னைய எறக்கி விடுங்க."

"வறட்சி யாருக்குத்தான் வரல? எனக்கு வரலயா? நவம்பர் முகாம் முடியட்டும் தம்பி. உன்ன விட்டா ஆளு யாரு?"

"அந்தப் புள்ளைட்ட சொல்லணும்ங்கய்யா."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "சொல்லிராத. இப்பத்தான் அது விசுவாசத்துல ஊன்றி நிக்குது. நீ தள்ளி விட்றாத."

கெட்ட மனிதர் இல்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

சொன்னால் நஷ்டம் அவளுக்கு. சொல்லாவிட்டால் லாபம் எனக்கு. அதுதான் உதைக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நானும் போய் நின்றேன்.

"பவதாரிணி, நான் அன்னைக்கு ஜெபிக்கல. போன எடுத்தேன், வச்சேன், வேலையப் பாத்தேன்."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

"அப்ப அந்த ஒரு மணி நேரம் எங்கப்பாவுக்கு யாருமே இல்லையா?"

பின்னால் நின்றவரை முன்னே போகச் சொன்னேன்.

"பாண்டி அண்ணன் தொடர்றேன்னுதான சொன்னாரு? நீங்க ஏன் வாங்குனீங்க? வாங்கிக் கீழ போடவா?" அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? உங்களுக்கு லேசாகணும். நானே இம்புட்டையும் தூக்கிக்கிட்டு நிக்கிறேன், என் தலையில இறக்கிட்டுப் போறீங்க." சீட்டை நீட்டி மருந்தை வாங்கினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பைக் சாவி துவாரத்துல ஏற மாட்டேங்குது. தப்புடா. பெரிய தப்பு. வேலையா இருக்கேன், நீயே தொடருன்னு ஒரு வார்த்தை. சொன்னா என்ன கொறஞ்சு போயிருக்கும்? தலைவன் முடியாதுன்னு சொல்லக் கூடாதா? எவன் சொன்னான் — நானாத்தான் வச்சுக்கிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்லார் முன்னாலும் சொன்னேன். கிட்டார் இல்லை, குரல் சாதாரணம். யாரும் அழவில்லை. பொறுப்பை விடுவதாகவும் சொன்னேன். ஆயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கனகா ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "அப்ப என் முழங்காலு?"

"அதுக்கும் ஜெபிக்கல ஆன்ட்டி."

"அதானே பாத்தேன். வலி கொறயவே இல்ல."

பாண்டியராஜன் மட்டும் பைக் வரைக்கும் வந்தான். "லூசுப் பயலே, நான்தான் கேட்டேன்ல" என்றான். இப்போது அவன்தான் பொறுப்பு. பவதாரிணி வரவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

போகவில்லை. தூங்கினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போகவில்லை. தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

போனேன். கடைசி பெஞ்ச். தலைவனாக இல்லாமல் அங்கே எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. கையை எங்கே வைப்பது?

கூட்டம் தொடங்கிய பிறகு பவதாரிணி வந்தாள். கூடவே அவள் அப்பா, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மெதுவாக. வேறு எங்கும் இடமில்லை. என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"தள்ளுங்க."

தள்ளினேன். அப்பாவை நடுவில் உட்கார வைத்தாள்.

"தம்பி, இந்த ஃபேனு ஓடாதா?" என்றார் மருது, சத்தமாகவே.

"காயில் போயிருச்சுங்க."

"சரி, விடு. அவ கூப்பிட்டாளேன்னு வந்தேன்." செருப்பை பெஞ்ச் அடியில் தள்ளினார்.

பாண்டிக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை. பாட்டு எங்கோ ஏறி எங்கோ இறங்கியது. அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல், "எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்" என்றான். இருந்தோம். மருது மூச்சு விடுவது பக்கத்தில் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் சீராக. பவதாரிணி கண்ணை மூடியிருந்தாள். நான் மூடவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

பாண்டி அவசரப்பட்டு ஆமென் சொல்லிவிட்டான். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.