முதலில் ஒரு ‘இல்லை’

இன்று காலையும் கறுப்புத் திரையில் நீ தட்டச்சு செய்தாய், மாப்ள. ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, சற்று யோசித்து, மறுபடி அடித்தாய். நீ எழுதி வைத்துவிட்டுப் போன டெஸ்ட்தான் அப்படித் தானாக ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உத்தமபாளையம் ஆபீஸில் உன் நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

ஏலக்காய்க் கடைகளுக்கு எடை பதியும் புரோகிராம் ஒன்றை நாம் சேர்ந்து எழுதினோமே. சரக்கு கொண்டுவந்தவர் பெயர், ஒவ்வொரு மூட்டையின் எடை என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் ‘எல்லாம் சரியா?’ என்று கேட்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆள் உட்கார்ந்து சோதிக்க முடியாது என்பதால், கேள்வி வரும்வரை காத்திருந்து தானே பதில் அடிக்கும் டெஸ்டை நீ எழுதினாய். நானாக இருந்தால் எல்லாப் பதிலையும் சடசடவென்று கொட்டியிருப்பேன். நீயோ தேவாரத்தில் ஒரு கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, அவர்கள் அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தாய். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம்.

அங்கே கடைசிக் கேள்விக்கு யாரும் முதலில் ‘ஆம்’ சொல்வதில்லை என்றாய். ‘இல்லை’ என்று அடித்தால் எடைகள் மறுபடி திரையில் வரும். சரக்கு கொண்டுவந்தவர் பக்கம் அதைத் திருப்பிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் ‘ஆம்’. காரணம் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய்: “எடுத்ததுமே ஆமான்னு போட்டா கொண்டுவந்தவுக என்ன நினைப்பாக? அவுக கண்ணால ஒருவாட்டி பாத்துக்கிறட்டும் தம்பி.” உன் டெஸ்டும் அதேபடி முதலில் ‘இல்லை’ என்றது. ஊர் வழக்கத்தையெல்லாமா டெஸ்டில் வைப்பாய் என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

அதன்பிறகு ஒரு நாள் நெஞ்சுவலி. யாரிடமும் சொல்லாமல் மத்தியானம் வரை வேலை பார்த்தாய். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், சின்னமனூர் தாண்டும் முன்பே போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்று உன் டெஸ்ட் அந்த ‘இல்லை’யோடு நின்றுவிட்டது. சாயங்காலம் புதிய புரோகிராம் எல்லாக் கடைக்கும் போகவேண்டும். சென்னையிலிருந்து மேலாளர் போனில் சலித்துக்கொண்டார். மற்றதெல்லாம் பாஸ், யார் முதலில் ‘இல்லை’ என்று சொல்லப்போகிறார்கள், அந்த டெஸ்டை அழித்துவிடு என்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கணினி கேட்டது. கை தானாக ‘இல்லை’ என்று அடித்தது.

சரி, ஒருமுறை பார்ப்போம் என்று உன் டெஸ்டை மறுபடி ஓட்டினேன். ‘இல்லை’ என்றதும் திரும்பி வந்த எடைகளில் கடைசி மூட்டையைக் காணோம். நேற்று செய்த மாற்றம் அதை விழுங்கியிருந்தது. நாளைக்கு ஒவ்வொரு கடைக்காரரும் திரையைத் திருப்பிக் காட்டி, எதிரில் நிற்பவர்முன் திருடனாகியிருப்பார்.

மேலாளரைக் கூப்பிட்டு, “அனுப்ப முடியாதுண்ணே” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ. இதைச் சொல்ல எனக்கு நீதான் இருந்தாய்.

போனில் உன் எண் கண்ணில் பட்டது. இனி அதை வைத்திருந்து என்ன செய்ய? அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். ‘அழிக்கவா?’ என்று அதுவும் கேட்டது. ‘இல்லை’ என்றேன். இன்னொரு முறை பார்த்துவிட்டு ‘ஆம்’ சொல்வதுதானே நீ கொண்டுவந்த வழக்கம். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன் மாப்ள, ‘ஆம்’ என்று அழுத்த எனக்கு மனசு வரவில்லை.