பெயர் வரும் இடம்

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா, அந்த ஊர்க் குளிர் பழகிவிட்டதா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. அப்பா திராட்சைக்குக் கவாத்து முடித்துவிட்டார், இனி மழை கெடுக்காமல் இருக்கவேண்டும். கோயில் திருவிழாக் கமிட்டிப் பீட்டர்ராஜ் உன்னிடம் கல்லறைப் பாட்டைப் பாடி அனுப்பச் சொன்னார் என்று சந்தோஷமாகச் சொன்னாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் வைத்து நம் தெருக்காரர்களை அந்தப் பக்கம் புதைத்தார்கள் அல்லவா, அதை எடுக்கச் சொல்லி நம் பெண்கள் பதினொரு நாள் சுவர் முன்னால் உட்கார்ந்து பாடிய பாட்டு அது. அவரவர் முறை வரும்போது தன் வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்லி, உனக்கு எந்தப் பக்கம் மண் என்று கேட்கவேண்டும். அன்றைக்குப் போலீசைக் கூப்பிட்டவர் பீட்டர்ராஜின் அப்பா. போன தேர்தலில் ஒரு கட்சிக்காரர்கள் இதையே மைக்கில் பாடி, பெயர் வரும் இடத்தில் வேட்பாளர் பெயரை வைத்துவிட்டார்கள். அந்நாளில் முதல் குரல் எடுத்த ஞானபாக்கியம் அத்தை தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "உசுரோட இருக்கவரு பேரப் போட்டுல்ல அழுகுறாக" என்றார். நானும் சிரித்தேன். சென்னையிலிருந்து வந்து பதிவு செய்தவர் விடுதலைப் பாடல் என்றார், கமிட்டி ஒற்றுமைப் பாடல் என்கிறது, சுவரைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

கமிட்டி அச்சடித்த தாளை வாங்கிப் பார்த்தேன். பெயர் வரும் இடத்தில் 'அன்பர்களே' என்று இருக்கிறது. கேட்டதற்குப் பீட்டர்ராஜ், "பழச எதுக்குக் கிளறணும் டீச்சர், பாட்டு இப்ப எல்லாருக்கும் பொதுவாப் போச்சுல்ல" என்றார். மண்ணும் பொதுவா என்று கேட்டேன், ஜெனரேட்டர் வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டார். சுவரை இடிக்கப் போவதில்லையாம். அதில் ஒரு வளைவு கட்டி லைட் போட்டுத் திறக்கிறார்கள், அப்போது ஸ்பீக்கரில் உன் குரல் வேண்டுமாம். ஊரில் பாடுகிறவர்கள் இல்லையா? சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கும் உன் பெரியம்மா மதலேனாளின் தங்கை மகளே பாடிவிட்டாள், இனி அந்தத் தெருவில் யார் என்ன கேட்பார்கள் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

உன் அப்பாவிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து உன் பெரியம்மா மதலேனாள் இறந்த வருஷம்தான் அந்தப் போராட்டம். எனக்குப் பதினாலு வயது. அக்காவுக்காக நான் பாடவேண்டிய முறை வந்தபோது ஒரு போலீஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மட்டும் அசைத்தேன். கூட்டத்து இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை. அவள் பெயர் அந்தப் பாட்டில் இன்றுவரை ஒருமுறைகூட வரவில்லை.

அதனால் பாடாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பாடுவதானால் பெரியம்மா பெயரைச் சொல்லிப் பாடு. ஒரு இடத்தில் மட்டும் சொன்னால் அதை வெட்டிவிட்டுப் போடுவார்கள், அடிக்கு அடி சொல்லு, வெட்டினால் அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சக்கூடாது.

மாதா உன்னைக் காக்கட்டும். சுக்குப் பொடி அனுப்பியிருக்கிறேன், வெறும் வயிற்றில் குடிக்காதே. பாடியதை முதலில் எனக்கு அனுப்பு. நான் ஒருமுறை கூடவே பாடிப் பார்க்கவேண்டும்.

உன் அம்மா,
அனிதா மேரி