பூசத்தன்று விட்ட மீன்கள்

சிவமயம்

உடுப்பிட்டி,
1938 மாசி 24

அன்புள்ள மகள் ஞானாம்பிகைக்கு,

இங்கே நானும் உன் ஐயாவும் முருகன் துணையால் சுகமாயிருக்கிறோம், பதுளைக் குளிர் உன்னையும் மருமகனையும் வருத்தாதிருக்க விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தைப்பூசத்தன்று காலை மீன்தொட்டியடியில் நின்றவர்கள் ஐயா, தொட்டி கட்டிய மேசன் கதிரவேலு, பக்கத்து வீட்டுக் குணலட்சுமி, நான், வேறொருவருமில்லை. ஆட்களின் பெயரை எழுதுவது ஏனென்றால் பிழை என்னுடையது மட்டுமே, அதற்கு அவர்கள் மூவரும் சாட்சி. நீ என்னை நம்பி விட்டுப்போன ஆறு சிவப்பு மீனில் இரண்டு செத்துப்போயின பிள்ளை.

தொட்டியில் குற்றமில்லை. வேப்பிலை விழாத கிழக்குப் பக்கமாக இரண்டு முழம் தோண்டி, கல்லடுக்கி, சீமெந்து இருமுறை பூசி, மூலையெல்லாம் உருட்டி விட்டிருக்கிறான் கதிரவேலு, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் "அம்மா, சீமெந்துக் காரம் இன்னும் போகேல்லை, ஒரு மாதம் பொறுங்கோ" என்று அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. புதுநெல் அறுத்துப் புதிர் எடுக்கிற நாளில் விட்டால்தான் பெருகும், பூசம் போனால் இனி அடுத்த வருசம்தான் என்று பிடிவாதமாய் விட்டேன். பொழுதுபடமுன் இரண்டும் மிதந்துவிட்டன, ஒன்று உன் வெள்ளைவாலி. மற்ற நாலையும் அள்ளிப் பழைய தாழியில் விட்டோம். மீனுக்கும் பஞ்சாங்கம் பாத்த பொம்பிளை எங்கடை வீட்டிலைதான் இருக்கிறா என்று ஐயா இன்றைக்கும் சிரிக்கிறார். குணலட்சுமி, அதே நிறத்திலை இரண்டு வாங்கி விடுங்கோ மாமி, ஞானத்துக்குத் தெரியவே போகுது என்றாள். சாமியறைக்குள் போகிற எனக்கு அது ஒத்துவராது.

அதற்குப் பிறகு காரம் இழுக்கட்டும் என்று தொட்டித் தண்ணீரில் வாழைக்குற்றியை வெட்டிப்போட்டுப் பத்து நாள் ஊறவிட்டேன், ஏழு தரம் இறைத்து ஏழு தரம் நிரப்பினோம், கிணற்றுத் துலா மிதித்து ஐயாவுக்குக் கால் உளைவு, எண்ணெய் போட்டு இப்போது பரவாயில்லை. ஊர்க்குளத்து மீன் இரண்டை விட்டுப் பாருங்கோ என்றான் கதிரவேலு, ஓர் உயிரை வைத்து இன்னோர் உயிருக்குச் சோதனை பார்ப்பதோ என்று மறுத்துவிட்டேன். இப்போது சுவரில் பாசி பிடித்திருக்கிறது, தவளை தானாக வந்து முட்டையிட்டு வாற்பேத்தைகள் ஓடித்திரிகின்றன, தண்ணீர் நாக்கில் கடிக்கவில்லை. இனிப் பயமில்லை என்று எனக்குத் திடமாகத் தெரியும், காகம் கொத்தாமல் வலையும் கட்டியாயிற்று. என்றாலும் மீன் உன்னுடையது, முதல் தரம் உன்னைக் கேளாமல் விட்டது போதும். நல்ல நாளொன்றும் நான் பார்க்கவில்லை.

குளிரில் தலைமுழுகினால் மிளகு இரண்டு வாயில் போட்டுக்கொள், சங்கிலியைக் கழற்றி வைக்காதே. உங்கள் இருவருக்கும் சகல நன்மையும் உண்டாக ஆசீர்வதிக்கிறேன்.

தாழியில் நாலு மீனுக்கும் இடம் போதவில்லை. மற்ற மீன்களைத் தொட்டியில் விடலாமா என்று கடிதம் கண்டவுடன் பதில் போடு.

அன்புள்ள அம்மா,
மா. பூரணம்