பிளைவீலில் உடைந்த பற்கள்

1935 அக்டோபர் 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கார் மறுபடியும் மக்கர். ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தால் கறகறவென்று இரும்பு அரைபடும் சத்தம். நாலாவது மிதியில்தான் கிளம்பியது. ஹேண்டில் போட்டுச் சுற்றமாட்டேன். போன வருஷம் அது திருப்பி அடித்து மணிக்கட்டு பிசகி, ஒரு மாதம் பிரசவம் பார்க்க முடியவில்லை.

கெலுகோரில் இருக்கும் செல்லம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிள்ளை, ரிக்‌ஷா பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டது. இந்தத் தடவை வலி கண்டதும் வந்து நிற்பேன் என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன். கார் வேண்டும்.

வீட்டில் அண்ணன் காரைக் காட்டி: "பொம்பளைக்கு எதுக்கு காடி? வித்துத் தொலை லா." பதிலுக்கு மீன் குழம்பில் உப்பைக் கூட்டி வைத்தேன்.

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், சோப்பு.

சாயங்காலம் மரியாயி கைக்குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். போன மாதம் அவள் வயிற்றில் மரக்குழலை வைத்துக் கேட்டேன், துடிப்பே இல்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே கொழுகொழுவென்று பெற்றாள். மாதா செயல்.

8, செவ்வாய்

பிச்சைமுத்து அண்ணன் பட்டறை. "பேட்டரி செத்துப்போச்சு மிஸ்ஸி." வேறு பேட்டரி வைத்தார். அதே கறகற. உடனே ஸ்டார்ட்டர் மேல் பழி. கழற்றித் தனியாக ஓட்டினால் ஜம்மென்று சுற்றுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

திரும்ப மாட்டச் சொல்லி, நானே பத்துத் தடவை அணைத்துக் கிளப்பினேன். பிடித்தது ஆறு, பிடிக்காதது நாலு. அந்த நாலிலும் டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு சாண் தள்ளியதும் பிடித்தது. ஆக, ஸ்டார்ட்டர் நல்லது. அது கவ்விச் சுற்றுகிற பெரிய சக்கரத்தில், பிளைவீலில், சில இடத்தில் பல் கெட்டிருக்கிறது.

சொன்னேன். சிரித்தார். "நீங்க பிள்ளையப் பாருங்க மிஸ்ஸி, காடிய நான் பாக்குறேன்."

"பிள்ளை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு வெளியிலருந்தே சொல்லுவேன் அண்ணே. இது வெறும் இரும்பு. தொறங்க."

9, புதன்

திறந்தார். ஸ்டார்ட்டரை எடுத்த ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். அவர் ஹேண்டிலால் மெல்லச் சுற்ற, நான் சாக்கட்டியால் குறி போட்டேன். எதிரெதிரே இரண்டு இடத்தில் பற்கள் மழுங்கல்.

"இன்ஜின் நிக்கிறப்பல்லாம் இந்த ரெண்டு எடத்துலதான் வந்து நிக்கும். அங்கயே கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சிருக்கு. நீங்க சொன்னது சரிதான் லா."

ஜெயித்தேன்! கால் நிமிஷம்கூட நிலைக்கவில்லை. விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"இதையும் பாருங்க. சுத்திவர எல்லாப் பல்லுலயும் ஓரம் புதுசா ஒடஞ்சிருக்கு. தேஞ்சது வேற, ஒடஞ்சது வேற. ஓடிக்கிட்டிருக்கிற இன்ஜின்ல யாரோ ஸ்டார்ட்டர மிதிக்கிறாங்க."

யாரோவா? ஓட்டுகிறவள் நான் ஒருத்திதானே. "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டு டிராம் ஏறி வந்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை.

10, வியாழன்

நல்ல வெயில். ஸ்டார்ட்டரை மாட்டி வைத்திருந்தார். "வாங்க, நான் எப்படி ஓட்டுறேன்னு பாருங்க" என்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். மார்க்கெட் முனையில் மாட்டுவண்டி குறுக்கே வர, நிறுத்தினேன். இன்ஜின் அணைந்துவிட்டது. ஸ்டார்ட்டரில் கால் வைத்தேன்.

"மிஸ்ஸி! ஓடுது!"

"எங்கே ஓடுது?"

என் கையைப் பிடித்து டேஷ்போர்டில் வைத்தார். நடுக்கம். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு என் அண்ணனுடைய பாக்கெட் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இடது காது: நாலு விரல் தூரம் வரை டிக்டிக். வலது: காதில் ஒட்டி வைத்தாலும் ஒன்றுமில்லை. மூன்று தடவை பார்த்தேன்.

மரக்குழலை இத்தனை வருஷமும் வலது காதில்தான் வைக்கிறேன்.

மரியாயி பிள்ளைக்குத் துடிப்பு இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. அழுதேன். பயமாக இருக்கிறது. இந்த வேலை போனால் நான் யார்?

12, சனி

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையத்தைச் சூடு காட்டிக் கழற்றி, புரட்டி மாட்டியிருக்கிறார். கெடாத பக்கம் இப்போது ஸ்டார்ட்டரைப் பார்த்து. பத்துத் தடவை கிளப்பினேன், பத்தும் பிடித்தது. "புதன்கிழமை கத்துனதுக்கு மன்னிச்சிடுங்க அண்ணே." "அட, விடுங்க மிஸ்ஸி."

இனிமேல் சட்டம்: முதலில் கை, பிறகு கால். டேஷ்போர்டு நடுங்கினால் மிதிக்கக் கூடாது.

அடுத்த தெரு பிலோமினாவும் பிரசவம் பார்க்கிறவள்தான். நேரே போய்ச் சொன்னேன்: "எனக்கு வலது காது போச்சு. இடதும் அரைகுறை. இனிமே ஒவ்வொரு கேசுக்கும் நீயும் வந்து கேக்கணும்."

"அக்கா, வெளிய தெரிஞ்சா யாரும் கூப்பிடமாட்டாங்க லா."

"தெரியட்டும். செல்லம்மாகிட்ட நானே சொல்லப்போறேன்."

14, திங்கள்

செல்லம்மாவுக்குப் பெண். பத்தேகால் மணி. ஏழு ராத்தல். இருவரும் சுகம்.

காலை ஆறரைக்கு அவள் புருஷன் சைக்கிளில் வந்தான். கை வைத்தேன், நடுக்கமில்லை. மிதித்தேன். ஒரே மிதி. பிலோமினாவை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஏழுகூட ஆகவில்லை.

வலிக்கு நடுவில் செல்லம்மாவிடம் காது விஷயத்தைச் சொன்னேன். என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நீங்க வந்துட்டீங்கல்ல மிஸ்ஸி. உசுரு இருக்கா, அதச் சொல்லுங்க."

குழலை இடது காதில் வைத்தேன். கேட்டது. தூரத்தில், ஆனால் கேட்டது. ஒரு நிமிஷம் எண்ணினேன்: நூற்று இருபது. குழலைப் பிலோமினாவிடம் கொடுத்தேன். அவள் எண்ணியது நூற்று நாற்பது.

பிரசவ அட்டையில் பிலோமினா எண்ணியதை எழுதினேன்.